பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்கியவருக்குச் சொன்ன பழமொழி. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது. அந்த மரியாதையைக் கொடுப்பவர்கள் தங்கள் உரிமையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அறக்கட்டளைகள், சேவைச் சங்கங்கள், அடுக்ககக் குடியிருப்போர் சங்கங்கள் என்று எத்தனையோ பேர் உதவுகிறார்கள். உதவி பெற்றவரிடம் ‘இது பயன்பட்டதா, எங்கே தவறியது’ என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்து அடுத்த ஆண்டுத் திட்டத்தை மாற்றுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேட்காததற்குச் சோம்பல் காரணம் இல்லை. கேட்பது வீண் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழைகளிடம் கேட்டால் நன்றிதான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குடிநீரோ மருத்துவமோ கல்வியோ, எது நல்லது என்று தீர்மானிக்கத் துறையறிவு வேண்டும். வெள்ளத்தில் நிற்பவரிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கேட்டால் எதிர்பார்ப்பு வளரும், தர முடியாதபோது கசப்பு மிஞ்சும். பயனை அளக்கச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. பணத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டால் கேட்கும் அவசியமே வராது. களத்தில் இருக்கும் தொண்டு நிறுவனங்கள் விவரம் தெரிந்தவர்களால் நடத்தப்படுபவை, குறை இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நல்லெண்ணம் உள்ளவர்கள் சொல்வதால் இதெல்லாம் நியாயமாகப் படுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்காது.

1. நன்றிதான் வரும் என்கிறீர்களே, கேட்டது யார்? எங்கே வைத்துக் கேட்டார்கள்?

புறநகர் அரசுப் பள்ளி ஒன்றில் ஆர்.ஓ. மெஷின் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். ஒரே நிற டி-ஷர்ட்டில் நிறுவன ஊழியர்கள், வாசலில் ஃபிளெக்ஸ், மாணவிகளின் வரவேற்புப் பாட்டு. தலைமையாசிரியையிடம் மைக்கை நீட்டி, கேமரா ஓடிக்கொண்டிருக்க, “எப்படி இருக்கு மேடம்?” என்று கேட்டார்கள். அந்த இடத்தில் வேறு என்ன பதில் வரும்? அடுத்த கல்வியாண்டில் போனபோது மெஷினுக்குத் துணி போர்த்தியிருந்தது. அங்கே போர்த் தண்ணீர் கடும் உப்பு. மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொண்டுவிட்டது. மாற்றும் செலவு யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. ஆசிரியர்கள் கைக்காசு போட்டு இருபது லிட்டர் கேன் வாங்கி வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “சொன்னா குறை சொல்ற ஸ்கூல்னு பேர் வந்துடும் சார். அடுத்து ஸ்மார்ட் கிளாஸ் தர்றதா சொல்லியிருக்காங்க” என்றார்.

அவர் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. உண்மையைச் சொன்னால் இழப்பு அவருக்கு, சொல்லாவிட்டால் இழப்பு யாருக்கும் தெரியாது. இப்படி ஒருவரை நிறுத்திவைத்து நன்றியை வாங்கிக்கொண்டு, பிறகு ‘இவர்களிடம் கேட்டால் நன்றிதான் சொல்வார்கள்’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? பயனற்ற பதில் வருகிறதென்றால் கேட்கும் முறையை மாற்ற வேண்டும். கேட்பதையே கைவிட அது காரணம் ஆகாது.

முறையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. எழுத்தறிவு குறைந்த, அதிகாரிக்குப் பயந்த கிராமம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். சங்கதன் செய்தது ஒன்றுதான்: வேலைப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தது. வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததையும், கட்டாத வேலைக்குக் கணக்குக் காட்டியிருந்ததையும் கேட்ட மக்கள் எழுந்து பேசினார்கள். அந்த இயக்கம் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17-ம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. ‘திட்டம் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘உங்கள் பள்ளிக்கு இவ்வளவு செலவானதாக எழுதியிருக்கிறார்கள், இது சரியா’ என்று தாளை விரித்துக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

2. நிபுணருக்குத் தெரியும், பயனாளிக்குத் தெரியாது என்பவர்கள் தாம்பரம் சானடோரியத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. பிற மருத்துவமனைகள் தொடவே தயங்கிய நோயாளிகள் பிறகு திரண்டு வந்து சேர்ந்த இடம் தாம்பரம். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதலில் தேர்வான மையங்களில் இதுவும் ஒன்று. இதைவிட நிபுணத்துவம் தேவைப்படும் துறை எது? ஆனால் இந்தத் துறைதான் பயனாளியின் பேச்சை அமைப்புக்குள் கொண்டுவந்தது. 1997-ல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்திய அளவிலான கூட்டமைப்பும், 1998-ல் பி. கௌசல்யாவும் தோழியரும் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கும் சென்னையில்தான் பிறந்தன. நோயோடு வாழ்பவர்கள் தங்களைப் பற்றிய முடிவுகளில் பங்கேற்க வேண்டும் என்று 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் கையெழுத்திட்டன. 2002-ல் உருவான உலக நிதியம் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்குப் பணம் தருகிறது. அதன் ஆட்சிக் குழுவில் அந்நோய்களால் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் உண்டு.

எதற்காக இந்த ஏற்பாடு? மருந்தின் அளவு மருத்துவருக்குத் தெரியும். மாதாமாதம் மருந்து வாங்க வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது, வரிசையில் ஊர்க்காரர் எவராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருக்கிறது. மருந்து நிற்பது இந்த இடங்களில்தான். இதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும் என்பதால்தான், சிகிச்சை மையங்களில் ஒரு பணியிடத்துக்கு எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்கே முன்னுரிமை என்று தேசிய வழிகாட்டு விதிகள் எழுதின. தையல் பயிற்சியும் குடிநீர்த் தொட்டியும் தருகிறவர்கள், தங்கள் துறை இதைவிட நுட்பமானது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேட்காத நிபுணத்துவம் என்ன செய்யும் என்பதைச் செம்மஞ்சேரி காட்டுகிறது. சுனாமியில் வீடிழந்தவர்களையும் நகரின் குடிசைப் பகுதி மக்களையும் கொண்டுபோய்க் குடியமர்த்திய 6,764 வீடுகள் அங்கே உள்ளன. 2015-லும் 2023-லும் அந்த வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கமும் சதுப்பு நிலத்தை ஒட்டியது, மழைக்காலத்தில் தீவாகிற ஊர். இது அரசு செய்தது, தருமக் கணக்கில் வராது என்று சொல்லலாம். ஆனால் அங்கே போகிற தருமமும் அதே தடத்தில்தான் போகிறது. பகல் பதினொரு மணிக்குத் தையல் வகுப்பு வைத்துவிட்டு, பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். அந்தப் பெண்களில் பலர் விடியலில் பஸ் ஏறி, முன்பு குடியிருந்த நகரப் பகுதிகளுக்கே வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் எப்போது நிற்கிறது, எந்த பஸ் கூட்டத்தில் நிற்காமல் போகிறது என்ற இரண்டு கேள்விகளை எந்த வீட்டு வாசலில் கேட்டிருந்தாலும் வகுப்பு நேரம் மாறியிருக்கும்.

3. வெள்ள நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியாதாம். கேட்காமல் கொடுத்ததில் என்ன ஆயிற்று?

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தமிழ்நாடு முழுவதிலிருந்தும், பெங்களூரிலிருந்தும்கூட வண்டிகள் வந்தன. அந்த மனிதர்களின் அன்பை நான் கண்ணால் பார்த்தவன், அதைப் பற்றிக் குறைவாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். வண்டிகள் முடிச்சூர் சாலையில் நின்றன. சாலையோரத் தெருக்களில் பிரெட் பாக்கெட்டும் பழைய துணியும் குவிந்தன. நாலு தெரு உள்ளே, முட்டியளவு தண்ணீர் நின்ற இடத்துக்கு எதுவும் போகவில்லை. மொட்டை மாடியிலிருந்து ஒரு அம்மா கத்தினார்: “பிரெட்டு வேணாம்பா, மாமியாருக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு, அதைக் கொண்டாங்க!” வண்டியில் இருந்ததோ பிரெட்தான்.

தெருவுக்கு ஒருவரைப் பிடித்து, அவர் போன் நம்பரை வாங்கி, ‘இன்று என்ன தீர்ந்துவிட்டது’ என்று காலையில் ஒரு முறை கேட்பது அவகாசம் பிடிக்கிற வேலையா? எங்கள் பகுதியில் இரண்டாம் நாளுக்குப் பிறகு இளைஞர்கள் சிலர் அப்படித்தான் செய்தார்கள். அதன் பிறகுதான் நாப்கினும் கொசுவத்தியும் இரத்த அழுத்த மாத்திரையும் உள்தெருக்களுக்குப் போயின. 2004 சுனாமிக்கும் இதே கதைதான். நாகப்பட்டினம் வழியெங்கும் யாரும் உடுத்தாத பழந்துணி குவிந்து கிடந்ததை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. உதவி அமைப்புகள் பலவும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட சுனாமி மதிப்பீட்டு அறிக்கை, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல், கையில் இருந்ததைக் கொண்டுவந்து கொட்டிய போக்கைத்தான் முக்கியக் குறையாகச் சுட்டிக்காட்டியது. அவசரம்தான் கேட்பதற்கான முதல் காரணம். தவறான பொருளை ஏற்றிய லாரி, சரியான பொருளுக்கான இடத்தையும் டீசலையும் தின்றுவிட்டுத்தான் வருகிறது.

4. கேட்டால் ஆசை வளரும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வருகிற மனு எல்லாவற்றையும் நிறைவேற்ற முடியாது என்பது ஆட்சியருக்கும் தெரியும், மனு எழுதுகிறவருக்கும் தெரியும். அதற்காக எந்த அரசும் மனு வாங்குவதை நிறுத்தவில்லை. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்ளும் பக்குவம் மக்களுக்கு உண்டு. கசப்பு வருவது, கேட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் போகும்போது. நாம் எல்லோரும் குறை சொல்கிற அரசிடம் ஒரு திங்கட்கிழமை இருக்கிறது. கொடையாளரிடம் எந்தக் கிழமை இருக்கிறது?

5. சட்டப்படி மதிப்பீடு நடக்கிறதே என்பது பாதி உண்மை.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இப்படி ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடும் கடமையுள்ள நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. அதைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள். மதிப்பிடுகிற அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் கட்டணம் தருவதும் நிறுவனம். அறிக்கை போவது இயக்குநர் குழுவுக்கு, பிறகு ஆண்டறிக்கையின் பின்னிணைப்புக்கு. உதவி பெற்ற பள்ளிக்கோ தெருவுக்கோ அதைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஒரு கோடிக்குக் குறைந்த திட்டங்கள் கணக்கிலேயே வராது. நம் புறநகரில் நடக்கிற கழிப்பறை, ஆர்.ஓ. மெஷின், கணினி அறை எல்லாமே அந்த ரகம்தான்.

‘5,000 மாணவர்கள் பயனடைந்தனர்’ என்று எழுதுகிற எண்ணிக்கையும் எதையும் சொல்லாது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அங்கே மெஷினால் பயனடைந்தோரின் எண்ணிக்கையாகவும் எழுதப்பட்டிருக்கும், மெஷின் துணி போர்த்திக் கிடந்தாலும்.

6. எதிர்த்தரப்பின் வாதங்களில் மதிக்கத்தக்கது பணம் பற்றியதுதான். பொருளாகக் கொடுத்தால்தானே தவறும்? பணமாகக் கொடுத்தால் தேவையை அவரே தீர்மானிப்பார், நாம் எதற்குக் கேட்க வேண்டும்? இதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களும் அதில் வந்தன. தண்ணீரில் போன மிக்சியா, பிள்ளையின் புத்தகமா, நின்றுபோன கூலியா என்பதை அந்தந்த வீடே முடிவு செய்தது. பிரெட் லாரியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி பணத்துக்கும் உண்டு. அட்டையைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் டோக்கன் வரிசைக்கு வெளியே நின்று தனியே விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியின் தகரக் கொட்டகையிலும் அதே தண்ணீர்தான் புகுந்தது. விடுபட்டவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். அவரை அடையாளம் காட்டுவது பக்கத்து வீட்டுக்காரர்தான், அதுவும் கேட்டால்தான்.

7. தொண்டு நிறுவனங்கள் தாங்களே சொல்லிவிடும் என்று நம்புகிறவர், நிதி கேட்டு ஒரு முறையாவது வரவேற்பறையில் காத்திருந்தவராக இருக்க முடியாது.

பள்ளித் தலைமையாசிரியைக்கு ஸ்மார்ட் கிளாஸ்தான் போகும். ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு நாலு பேரின் சம்பளமே போகும். ஆகவே அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பது அதிகம். எல்லோருக்கும் தெரிந்து யாரும் எழுதாத ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும், இல்லையேல் அரசு குறிப்பிட்ட நிதிகளுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதனால் பல இடங்களில் ஒப்புதல் இழுத்தடித்து, பிப்ரவரியில் பணம் வந்து, மார்ச்சுக்குள் செலவுச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. கற்றல் மையம் நடத்துகிறவருக்குப் பிப்ரவரி, மார்ச் என்பது தேர்வுக் காலம், புதிதாக எதையும் தொடங்க முடியாத காலம். ஜூனில் கிடைத்திருந்தால் ஓர் ஆண்டு முழுக்க ஓர் ஆசிரியருக்குச் சம்பளமாகியிருக்கும். மார்ச்சில் கிடைப்பதால் பையாகவும் பேனாவாகவும் தண்ணீர் பாட்டிலாகவும் மாறுகிறது. போன வருடமும் பைதான். பிள்ளைகளிடம் ஏற்கெனவே பை இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. ‘மிக்க நன்றி, மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதி, படங்களை இணைத்து அனுப்பிவிட்டார். நிறுவனத்தில் அந்த மின்னஞ்சலைப் படித்தவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார். அவர் மீதும் நான் குற்றம் காண மாட்டேன். அவருக்கு வேறு தகவலே கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் சென்டர் ஃபார் எஃபெக்டிவ் ஃபிலான்த்ரபி என்ற அமைப்பு 2003 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் அறக்கட்டளையிடம் நிதி பெற்ற நிறுவனங்கள் எல்லாவற்றையும் மூன்றாமவராக நின்று, பெயர் வெளியே வராமல் கேட்கிறது. அந்த அறக்கட்டளை மற்றவற்றோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று அதனிடமே காட்டுகிறது. ஹ்யூலெட் அறக்கட்டளை தனக்கு வந்த முடிவுகளைப் பொதுவில் வெளியிடுகிறது. பெரிய அறக்கட்டளைகளுக்கே தங்களைப் பற்றிய உண்மையை அறிய மூன்றாமவர் தேவைப்படும்போது, பெருங்குடியில் அலுவலகம் வைத்து இரண்டு பேர் கொண்ட சமூகப் பொறுப்புப் பிரிவு நடத்துகிற நிறுவனம் நேரில் கேட்டே தெரிந்துகொள்ளும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இங்கே அதற்கு அமெரிக்க அமைப்பு எதுவும் வர வேண்டியதில்லை. தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருக்கிறது. களப்பணி செய்ய மாணவர்கள் இருக்கிறார்கள். பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டால், திட்டம் முடிந்த ஆறாம் மாதத்தில், கேமரா இல்லாமல், கொடுத்தவரின் ஆள் உடன் வராமல், பள்ளியிலும் குடியிருப்பிலும் தொண்டு நிறுவனத்திலும் கேட்டு எழுதிவர முடியும். வந்ததைப் பகுதி சபையில் படிக்கலாம். தமிழகத்தில் பகுதி சபை தொடங்கியதே 2022 நவம்பர் 1-ல், முதலமைச்சர் கலந்துகொண்ட முதல் கூட்டம் நடந்தது தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். குப்பையைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேச இடம் இருக்கிற சபையில், அந்த வார்டுக்கு வந்த தருமத்தைப் பற்றிப் பேசவும் இடம் உண்டு. படித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எதை மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்று கொடுத்தவர் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தராதவரின் அடுத்த மெஷினை வேண்டாம் என்று சொல்லப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உரிமை இருக்க வேண்டும், அப்படிச் சொன்ன பள்ளியை மற்ற கொடையாளர்கள் ஒதுக்காமல் இருக்க வேண்டும்.